குடும்ப டாக்டர் எதுக்கு? மலைல இருக்குறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

தலை வலிச்சா நியூரோ, நெஞ்சு எரிஞ்சா கார்டியோ, முட்டி வலிச்சா ஆர்த்தோ, இப்படி எங்க வலிக்குதோ அதுக்குன்னு இருக்குற டாக்டர நாமளே முடிவு பண்ணி மொத பஸ்ஸ புடிச்சு கோயம்புத்தூர் போயி எறங்கிடுறோம். நான் குன்னூர் பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல நர்ஸா இருக்கேன், இத தினமும் பாக்குறேன். பஸ் செலவு, ஸ்கேன் செலவு, கூட தொணைக்கு வந்தவங்களுக்கும் ஒரு நாள் கூலி போச்சு, அங்க போனா அவங்கவங்க அவங்க பார்ட்ட பாத்துட்டு "எங்க சைடுல ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு அனுப்பிடுறாங்க, அவங்க சொல்றதும் சரிதான், ஆனா வலி அப்படியே இருக்கு, ரிப்போர்ட் மட்டும் ஒரு பை நெறைய சேர்ந்துடுது. அதனாலதான் குடும்ப டாக்டர் என்ன வேலை பண்றாங்க, சாதாரணமா வர்ற நோய எப்படி கண்டுபுடிக்கிறாங்க, சுகர் பிபி மாதிரி கூடவே இருக்குற நோய எப்படி பாத்துக்குறாங்கன்னு புதுசா தெரிஞ்சுக்குறவங்களுக்கு புரியுற மாதிரி எழுதலாம்னு ஒக்காந்தேன்.

முதல்ல, போர்டுல குடும்ப டாக்டர்னு எழுதியிருக்கணும்னு கட்டாயம் இல்லீங்க. எம்பிபிஎஸ் முடிச்சிட்டு ஒரே ஊர்ல வருஷக்கணக்கா பாக்குறவங்க இருக்காங்க, அதுக்கு மேல மூணு வருஷம் ஃபேமிலி மெடிசின்னு தனியா படிச்சவங்களும் இருக்காங்க, பிஹெச்சின்னு சொல்ற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டர் எல்லாரும் பண்றது இந்த வேலைதான். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி குடுக்குறது நிர்வாகத்தோட பொறுப்புன்னு 1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு, அதனால நம்ம மலைக்கு இந்த மாதிரி டாக்டர் ஒண்ணும் புதுசு கெடையாது. கொழந்தைக்கு தடுப்பூசி, அம்மாவுக்கு தைராய்டு, அப்பாவுக்கு பிபி, ஆயாவுக்கு மூட்டு வலி, எல்லாத்தையும் ஒரே ஆளு பாக்குறாங்க இல்லையா, அதுல இருந்துதான் அவங்க பலமே வருது.

1961ல வந்த ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு, இங்கிலாந்து அமெரிக்கா கணக்க வச்சு பண்ணது. பெரியவங்க 1,000 பேர எடுத்துக்கிட்டா ஒரு மாசத்துல 750 பேருக்கு ஒடம்புல ஏதோ ஒண்ணு வருது, அதுல 250 பேர் டாக்டர்கிட்ட போறாங்க, 9 பேர் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுறாங்க, ஒரே ஒருத்தர்தான் பெரிய மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வரைக்கும் போறாங்க. நாடு வேற காலம் வேறதான், ஆனா அளவு புரியுது பாருங்க. அந்த 250 பேருக்கும் பக்கத்துலயே சரியா பாத்து அனுப்புறதும், அவங்களுக்குள்ள இருக்குற அந்த சில பேர தவறவிடாம புடிக்கிறதும்தான் குடும்ப டாக்டரோட வேலை. ரெண்டும் சேர்ந்து பண்றது சாதாரண விஷயம் இல்ல.

ஏன்னா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகும்போது நோய்க்கு பாதி பேராவது வச்சு அனுப்பியிருப்பாங்க, குடும்ப டாக்டர்கிட்ட அப்படி வர்றதில்ல, "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு டாக்டர்"னுதான் வருது. அந்த ஒரு மாதிரிங்கறது வெறும் ஜலதோஷமா இருக்கலாம், ரத்த சோகையா இருக்கலாம், மனசு பாரமா இருக்கலாம், ஹார்ட் அட்டாக்காவும் இருக்கலாம். இதுல எதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, எது அபூர்வமா இருந்தாலும் விட்டா ஆபத்துன்னு ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டு கேள்வி கேட்டு, தொட்டுப் பாத்து, தேவைப்பட்டா மட்டும் டெஸ்ட் எழுதுறாங்க. இந்த ஊர்ல இந்த மாசத்துல என்ன சுத்திட்டு இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது கைவரும்.

காய்ச்சல எடுத்துக்கலாம். ஒரு அக்கா, கொழுந்து எடுக்குறவங்க, நாலஞ்சு நாளா காய்ச்சல், மண்டைய பொளக்குற தலைவலின்னு வந்தாங்க, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின ஆன்டிபயாடிக் மூணு நாள் போட்டும் காய்ச்சல் எறங்கல. எங்க டாக்டரம்மா தொண்டைய பாத்தாங்க, நெஞ்சுல ஸ்டெத் வச்சு கேட்டாங்க, "ஏம்மா, எந்தப் பக்கம் வேலை, பொதர் வெட்டின எடமா?"ன்னு கேட்டாங்க, அப்புறம் என்கிட்ட திரும்பி, "சிஸ்டர், ஸ்கிரீன இழுத்துட்டு அக்குள், மார்புக்கு கீழ, தொடை இடுக்கு, இடுப்பு எல்லாம் நல்லா பாருங்க"ன்னாங்க. பாவாடை நாடா கட்டுற எடத்துல சிகரெட்ட வச்சு சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு, சுத்தி செவப்பு, வலியும் இல்ல அரிப்பும் இல்ல. "அட்டை கடிச்சதா இருக்கும்னு விட்டுட்டேன் சிஸ்டர்"னாங்க அவங்க. அதுதான் ஸ்க்ரப் டைஃபஸ். பொதர்லயும் புல்லுலயும் இருக்குற கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னப் பூச்சி கடிச்சு வர்றது, சளி காய்ச்சலுக்கு வழக்கமா குடுக்குற அமாக்ஸிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக்குக்கு அது அசையாது, டாக்ஸிசைக்ளின் போட்டா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிடும், அவங்களுக்கும் எறங்குச்சு. கவனிக்காம விட்டா நுரையீரல், கிட்னி, மூளை வரைக்கும் போகும். ரத்த டெஸ்ட் ஆரம்ப நாள்ல எடுத்தா நெகட்டிவ்னு வர்றதும் உண்டு, அதனால இங்க ஸ்கேனவிட ஸ்கிரீன இழுத்துட்டு பொறுமையா தேடுறதுதான் வேலைக்கு ஆகுது. எல்லாருக்கும் அந்தப் பொருக்கு வந்துடாது, அப்பவும் வேலை என்ன, எடம் என்ன, எத்தனை நாள் காய்ச்சல்னு சேர்த்து யோசிச்சு மருந்து ஆரம்பிப்பாங்க.

அதே டாக்டரம்மா வேற ஒரு காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கே எழுதாம பாராசிட்டமால் மட்டும் குடுத்து "மூணு நாள் பாப்போம்"னு அனுப்பிடுவாங்க, அப்ப நம்ம ஆளுங்களுக்கு கோவம் வரும், ஊசி போடல, ஆன்டிபயாடிக் தரல, இவங்க என்ன டாக்டர்னு. ஆனா காத்திருக்குறதும் ஒரு டெஸ்ட்டுதாங்க. வைரஸ் காய்ச்சல்னா தானா எறங்கும், ஆன்டிபயாடிக்கால அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, வேற ஏதாவதுன்னா ரெண்டு மூணு நாள்ல அது தன்னோட அடையாளத்த காட்டும். ஒண்ணு கவனிங்க, நல்ல டாக்டர் சும்மா "பாப்போம்"னு மட்டும் சொல்ல மாட்டாங்க, மூச்சு வாங்குனா, சாப்பிட்டது நிக்காம வாந்தி எடுத்தா, ஒண்ணுக்கு கம்மியா போனா, கொழந்தை சோர்ந்து படுத்துட்டா காத்திருக்காம ஒடனே வாங்கன்னு சேர்த்து சொல்லி அனுப்புவாங்க. அந்த ரெண்டாவது வரி சொல்லலைன்னா நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க.

அடுத்தது அசதி. பொம்பளைங்க ஓபிக்கு வர்றதுல ரொம்ப ஜாஸ்தி இதுதான், "ஏத்தம் ஏறுனா மூச்சு வாங்குது, காலைல எந்திரிக்கவே முடியல". ஹீமோகுளோபின் பாப்பாங்க. கர்ப்பம் இல்லாத பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ இருந்தா ரத்த சோகைன்னு பொது கணக்கு. ஆனா மலைல காத்துல ஆக்சிஜன் கம்மி, அத ஈடு கட்ட ஒடம்பு கூடுதலா ஹீமோகுளோபின் தயார் பண்ணும், குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர், இந்த ஒயரத்துக்கு ஒரு கிராம் போல கழிச்சுட்டுதான் பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதாவது இங்கயே இருக்குற ஒருத்தருக்கு லேப் சீட்டுல 12.3ன்னு நார்மல் மாதிரி வந்தாலும் உண்மைல ரத்தம் கம்மியா இருக்கலாம். கீழ இருக்குற லேப் பிரிண்ட் பண்ற நார்மல் அளவுல இது வராது, இங்கயே இருந்து பாக்குற டாக்டருக்குத்தான் ஒறைக்கும். அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தும் ஏற மாட்டேங்குதுன்னு வர்றவங்ககிட்ட மாத்திரைய எதோட போடுறீங்கன்னு கேட்டா பாதிப் பேர் சொல்றது, டீயோட. நம்ம ஊர்ல தண்ணிக்கு பதிலா டீதான் ஓடுது, ஆனா டீல இருக்குற டானின் இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம், லெமன் ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தா நல்லா சேரும், இவ்வளவுதான் மாத்த வேண்டியது. இத மாத்தியும் ஏறலைன்னா மாச வெலக்குல ரத்தம் ஜாஸ்தி போகுதா, வயித்துல பூச்சி இருக்கா, மூலம் இருக்கான்னு ஒவ்வொண்ணா தேடுவாங்க. ரத்தம் கம்மின்னு கண்டுபுடிச்சதோட வேலை முடியல, அது எங்க போகுதுன்னு கண்டுபுடிக்கணும்.

பிபிக்கு வருவோம். மேல இருக்குற எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து படி ஏறி எறங்கி, வர்ற வழில கடைல ஒரு டீயும் குடிச்சிட்டு வந்து ஒக்காந்த ஒடனே பாத்தா யாருக்குமே கூடத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் சாஞ்சு ஒக்காரணும், கை நெஞ்சு ஒசரத்துல இருக்கணும், பேசக்கூடாது, அப்பவும் 140/90க்கு மேல இருந்தா வேற ஒரு நாள் திரும்ப வரச் சொல்லி பாத்துட்டுத்தான் பிபின்னு முடிவு பண்ணுவாங்க, ரொம்ப எகிறி இருந்தா மட்டும் காத்திருக்க மாட்டாங்க. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், அதனால டிசம்பர் ஜனவரி உறைபனி மாசத்துல அதே ஆளுக்கு பிபி கொஞ்சம் கூடும், கோடைல கொறையும். உங்க பழைய ரீடிங் ரெண்டு வருஷத்துக்கு கைல இருந்தா இது பனியால வந்த ஏத்தமா, மாத்திரை பத்தலையா, இல்ல மாத்திரைய நிறுத்திட்டீங்களான்னு டாக்டர் சுலபமா பிரிச்சுடுவாங்க. புதுசா ஒருத்தர்கிட்ட போனா அவங்களுக்கு முன்னாடி இருக்குறது அன்னிக்கு எடுத்த ஒரு நம்பர் மட்டும்தான்.

சுகர் பத்தி நெறைய பேருக்கு தெரியும், வெறும் வயித்துல 126, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 200, மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 6.5, இந்த அளவோ இதுக்கு மேலயோ இருந்தா சர்க்கரை நோய், அறிகுறி ஒண்ணும் இல்லைன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்து உறுதி பண்ணுவாங்க. ஆனா நோய் பேரு வச்சது ஒரு நாள் வேலை, அதுக்கு அப்புறம் வர்ற முப்பது வருஷம்தான் பெரிய வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு, கிட்னிக்காக யூரின்ல புரோட்டீனும் ரத்தத்துல கிரியேட்டினினும், ஒவ்வொரு தடவையும் கால். காலுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும், இங்க குளிருக்கு அடுப்புப் பக்கத்துல கால நீட்டி ஒக்காருவாங்க, சுடுதண்ணி பாட்டில படுக்கைல கால்கிட்ட வச்சுக்குவாங்க, சுகரால நரம்பு மரத்துப் போனவங்களுக்கு சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளம் வந்த அப்புறம்தான் பாப்பாங்க. ஷூவையும் சாக்ஸையும் கழட்டச் சொல்லி வெரல் இடுக்கு வரைக்கும் பாக்குற டாக்டர் கெடச்சா விட்டுடாதீங்க. சாப்பாட்டுலயும் அப்படித்தான், பொதுவா "இனிப்ப கொறைங்க"ன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் மாறாது, வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்கதான் சாயங்காலம் டீயோட எத்தனை வர்க்கின்னு கேப்பாங்க. மாத்திரை வாங்க மாசா மாசம் வர முடியாதவங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் பிபி மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல விஷயம், ஆனா மாத்திரை வீட்டுக்கு வருதேன்னு செக்கப்ப விட்டுடக் கூடாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்குறவங்க, குறிப்பா பழங்குடி குடும்பங்க தெரிஞ்சுக்க வேண்டியது சிக்கிள் செல். இந்தியாவுல இந்த நோய முதல்ல கண்டறிஞ்ச எடங்கள்ல நீலகிரி ஒண்ணு, 1952ல. ரத்த சிவப்பணு வளைஞ்சு போயி சின்னக் குழாய்ல அடைச்சுக்கும், எலும்பு எலும்பா வலிக்கும், குளிரும் தண்ணி கம்மியா குடிக்கிறதும் காய்ச்சலும் அத கெளப்பி விடும், நம்ம மலைல இந்த மூணுக்கும் கொறைச்சலே இல்ல. அந்த வலிய வெறும் ஒடம்பு வலின்னு நெனச்சு வலி ஊசி போட்டு அனுப்புறதுக்கும், குடும்பத்துல யாருக்கு இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருந்து ஒடனே சரியான வைத்தியம் பண்றதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நோயா வெளிய தெரியாம அந்தக் கூறு மட்டும் ரத்தத்துல இருந்தா ஒவ்வொரு கொழந்தைக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு, அதனால கல்யாணத்துக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ண சொல்வாங்க. இன்னொண்ணு, சிக்கிள் செல் நோய் இருக்குறவங்களுக்கு சிவப்பணு சீக்கிரம் அழிஞ்சுடும், அதனால ஹெச்பிஏ1சி தப்பா கம்மியா காட்டும், சுகர் இருந்தும் இல்லைன்னு வந்துடும். குடும்ப விவரம் தெரிஞ்ச டாக்டர் அந்த ரிப்போர்ட்ட அப்படியே நம்ப மாட்டாங்க, நேரா ரத்த சர்க்கரைய பாப்பாங்க.

இருமல் சுருக்கமா. சாதாரண சளி போன அப்புறமும் இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கலாம், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல போனா சளி டெஸ்ட் கட்டாயம் பண்ணணும், டிபியான்னு பாக்க, பிஹெச்சில காசு இல்லாம பண்ணுவாங்க. பீடி சிகரெட் பக்கமே போகாத பொம்பளைங்களுக்கும் வருஷக்கணக்கா வெறகடுப்பு பொகைய இழுத்து மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குறது வரும், அடுப்பு எப்படின்னு கேக்காம அத கண்டுபுடிக்க முடியாது. இன்ஹேலர் போட்டா பழகிடும்னு பயந்துக்கிட்டு மாத்திரையே குடுங்கன்னு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க, மருந்து நேரா நுரையீரலுக்கு போறதால அதுலதான் அளவு கம்மி, தயவுசெஞ்சு பயப்படாதீங்க.

எந்த டெஸ்ட்லயும் வராத ஒண்ணு மனசு. தூக்கம் இல்ல, ஒடம்பெல்லாம் வலி, பசி இல்லைன்னு நாலு டாக்டர பாத்து எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்னு வர்றவங்கள்ல மனச்சோர்வு இருக்குறவங்க கணிசமா உண்டு. எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னா அவங்க இன்னும் ஒடஞ்சு போவாங்க. வீட்டுக்காரர் குடிக்கிறாரு, பையன் வேலைக்குன்னு திருப்பூர் போயிட்டான், தனியா இருக்காங்கன்னு தெரிஞ்ச டாக்டர் கதவ சாத்திட்டு "வீட்டுல எப்படிம்மா இருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேட்டாலே அழுதுடுவாங்க, அதுக்கு அப்புறம்தான் வைத்தியமே ஆரம்பிக்கும். ராத்திரி நேரத்துல யார்கிட்டயும் பேச முடியலைன்னா 14416ன்னு அரசாங்க மனநல எண் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

ஒரே டாக்டர்கிட்ட தொடர்ந்து போறதால உண்மைலயே பலன் இருக்கான்னு நார்வேல 45 லட்சம் பேர் கணக்க எடுத்து பாத்திருக்காங்க, 2022ல வந்த ஆராய்ச்சி. ஒரே குடும்ப டாக்டர்கிட்ட 15 வருஷத்துக்கு மேல இருந்தவங்களுக்கு, ஒரு வருஷம் மட்டும் இருந்தவங்கள விட அவசரமா ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுறதும் சாவும் நாலுல ஒரு பங்கு போல கம்மி. இதுக்கு டாக்டர் மட்டுமே காரணம்னு அடிச்சு சொல்லிட முடியாது, ஆனாலும் என் கண்ணால பாக்குறதோட அது ஒத்துப்போகுது, ரொம்ப நாளா தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஜனங்க மறைக்கிறது கம்மி, டாக்டரும் நம்ம மொகத்துல இருக்குற மாற்றத்த சீக்கிரம் புடிச்சுடுவாங்க.

இதுக்காக எல்லாத்துக்கும் குடும்ப டாக்டர் கிளினிக் வாசல்ல காத்திருக்கணும்னு அர்த்தம் இல்ல. நெஞ்ச அழுத்துற வலி, கூடவே வேர்வை, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கறது, வாய் கோணறது, பேச்சு கொழறறது, பாம்புக் கடி, நிக்காத ரத்தம், இதுக்கெல்லாம் நேரா 108. பக்கவாதத்துல அடைப்ப கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுக்கணும், மழைல ரோட்டுல மண்ணு சரிஞ்சுதுன்னா நம்ம நெலம என்னன்னு உங்களுக்கே தெரியும். "காலைல பாத்துக்கலாம்"னு படுக்காதீங்க. சுகர் இருக்குறவங்களுக்கும் வயசான பொம்பளைங்களுக்கும் ஹார்ட் அட்டாக் வலியே இல்லாம வெறும் மூச்சு வாங்கலா, வாந்தியா கூட வரும்.

கடைசியா, பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்தவங்களுக்கு. ஆபரேஷனோ ஸ்டென்டோ முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் நெறைய பேர் குடும்ப டாக்டர்கிட்ட வர்றதில்ல, அங்கயே எல்லாம் பாத்தாச்சேன்னு. ஆனா இங்கதான் சிக்கல் வருது. ஏற்கனவே இங்க எழுதின பிபி மாத்திரையும் அங்க எழுதின மாத்திரையும் கம்பெனி பேரு வேற, உள்ள இருக்குற மருந்து ஒண்ணேதான், ரெண்டையும் போட்டு பிபி சரிஞ்சு பாத்ரூம்ல மயங்கி விழுந்தவங்கள நாங்க தூக்கியிருக்கோம். இன்னொருத்தருக்கு அம்லோடிபின்ங்கற பிபி மாத்திரை போட்டதால கணுக்கால் வீங்குது, அது மாத்திரையோட பக்கவிளைவுன்னு தெரியாம வீக்கத்துக்கு வேற எடத்துல நீர் மாத்திரை வாங்கி, அதனால பொட்டாசியம் கொறஞ்சு கால் கெண்டை இழுத்து, அதுக்கு இன்னொரு மாத்திரைன்னு நீண்டுக்கிட்டே போச்சு. முதல் மாத்திரைய மாத்துனாலே மத்த ரெண்டும் தேவையில்ல. அதனால டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டுல இருக்குற அத்தனை மாத்திரை அட்டை, மெடிக்கல்ல தானா வாங்கின வலி மாத்திரை, நாட்டு மருந்து, சத்து பவுடர் எல்லாத்தையும் ஒரு பைல போட்டு அப்படியே எடுத்துட்டு வந்து மேஜை மேல கொட்டுங்க. திட்டுவாங்கன்னு நெனச்சு எதையும் வீட்டுல வச்சுட்டு வராதீங்க, நாங்க ஒவ்வொரு அட்டையா திருப்பி மருந்துப் பேர படிச்சு, எது நிக்கணும் எது போகணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, காலைக்கு எது ராத்திரிக்கு எதுன்னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதி குடுத்துடுவோம்.